பாதம் தூக்க வரவில்லையா? முழங்காலுக்குக் கீழ் ஓடும் நரம்பு பற்றி நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: கேரட் தோட்டத்தில் நாள் முழுக்கக் குத்தவைத்துக் களை எடுத்தேன். மறுநாள் காலையில் இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை. நடந்தால் விரல் தரையில் தட்டுகிறது. வலியே இல்லை. எண்ணெய் போட்டு நீவினால் சரியாகுமா, டாக்டர்? (வாசகி, கேத்தி)

நீவ வேண்டாம் அம்மா. அடிபட்டிருப்பது நரம்பு. அதை மேலும் அழுத்தினால் கெடுதல்தான்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள். குமிழ் போல ஓர் எலும்பு தட்டுப்படும். ஃபிபுலா எலும்பின் தலை அது. அதற்கு அடியில் எலும்பைச் சுற்றி வளைந்துதான் பெரோனியல் நரம்பு முன்பக்கம் வருகிறது. அந்த இடத்தில் மேலே தோல், கீழே எலும்பு; நடுவில் மெத்தையாகத் தசை எதுவும் இல்லை. மணிக்கணக்கில் காலை மடக்கிக் குத்தவைத்தால் அங்கேதான் நசுங்கும். கால்மேல் கால் போட்டு உட்காருகிறவர்களுக்கும், சட்டென்று உடல் மெலிந்தவர்களுக்கும் இதே இடம்தான் ஆபத்து.

இடுப்பிலிருந்து வரும் சயாட்டிக் நரம்பு, பெரும்பாலோருக்கு முழங்கால் பின்குழிக்கு மேலேயே இரண்டாகப் பிரியும். கெண்டைக்கால் தசையையும் உள்ளங்காலையும் பார்த்துக்கொள்வது டிபியல். பாதத்தை மேலே தூக்குவது, வெளிப்பக்கம் திருப்புவது, புறங்கால் உணர்ச்சி ஆகியவை பெரோனியலின் வேலை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்தச் சின்ன இடத்துக்கு வருவதும் இதன் ஆழக் கிளைதான்.

வெறும் அழுத்தம் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். உள்ளிழைகள் அறுந்திருந்தால் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. என்றுதான் வளரும், மாதங்கள் பிடிக்கும். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பாதம் தொங்காமல் இருக்க ஸ்பிளின்ட் தருவார்கள். தேறிய பிறகும் குத்தவைக்காதீர்கள். தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து, அடிக்கடி எழுந்து நில்லுங்கள்.

கேள்வி: இது முதுகு டிஸ்க்கால் வந்ததா, முழங்காலில் வந்ததா என்று எப்படித் தெரியும்? (வாசகர், கோத்தகிரி)

பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி, உள்பக்கம் திருப்பச் சொல்வோம். அந்த வேலை டிபியல் நரம்பினுடையது. அது நன்றாக வந்து, தூக்குவது மட்டும் வராவிட்டால் முழங்கால் பக்கம்தான் சந்தேகம். இரண்டுமே பலவீனம், கூடவே முதுகிலிருந்து இறங்கும் வலி என்றால், முதுகெலும்பிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 என்ற நரம்பு வேரை டிஸ்க் அழுத்துகிறதா என்று இடுப்பில் பார்க்க வேண்டும். சிறுநீர் அடைத்தாலோ, மறைவிடம் மரத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மாவுக்கட்டு பிரித்து ஒரு வாரம் ஆகிறது. எஸ்டேட் பாதையில் இறங்கும்போது பாதம் டப் டப் என்று அறைகிறது. ஏறும்போது சத்தமே இல்லை. (வாசகர், குன்னூர்)

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். மேட்டில் ஏறக் கெண்டைக்கால் தசை உந்துகிறது. அது டிபியல் பக்கம். இறக்கத்தில் குதிகால் பதிந்ததும் பாதத்தை மெதுவாகத் தாழ்த்துவது முன்பக்கத் தசை. பெரோனியல் சோர்ந்தால் அந்தத் தசைக்குப் பிடி விட்டுப்போகும், பாதம் அப்படியே விழும். கட்டின் மேல்விளிம்பு அந்தக் குமிழுக்கு அருகே அழுத்தியிருக்கலாம். குதிகாலால் நாலடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் கட்டுப் போட்டவரிடமே அழைத்துப் போங்கள். கட்டு இருக்கும்போதே விரல் தூக்க வராமல் போனால், காத்திராமல் அன்றைக்கே காட்டியாக வேண்டும்.

கேள்வி: எனக்குச் சுகர். உள்ளங்கால் மரத்திருக்கிறது. ராத்திரிக் குளிருக்கு வெந்நீர்ப் பை வைக்கலாமா? (வாசகி, ஊட்டி)

வேண்டவே வேண்டாம். கணப்புப் பக்கமும் கால் நீட்டாதீர்கள். தோல் வெந்தாலும் தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும். கம்பளிக் காலுறை போதும். சுகரில் மரப்பு பொதுவாக இரண்டு காலிலும் விரல் நுனியிலிருந்து மேலேறும். ஒரே காலில் மரப்பு, உடம்பில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் என்றால் தொழுநோயா என்றும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு மருந்து இலவசம்.