விதி இருந்தால்தான் வழக்குப் போடலாம்

வணக்கம் ஐயா,

நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு மொழி, ஆய்வு உதவித்தொகைகளுக்கான விதிகளை அமெரிக்கக் கல்வித்துறை நீக்கக்கூடாது என்று எதிர்ப்புக் கடிதம் எழுதச் சொல்கிறார் நண்பர். சட்டம்தான் இருக்கிறதே, விதி போனால் என்ன? அவர்கள் வரிப்பணம், அவர்கள் இஷ்டம். நாம் எழுதி என்ன ஆகப்போகிறது?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

அவர்கள் வரிப்பணமா? அங்கே சம்பளம் வாங்கும் நீங்கள் வரி கட்டுவதில்லையா? சரி, அதை விடுங்கள்.

சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த பயத்தில் 1958இல் போட்ட சட்டத்தில் தொடங்கிய பணம் இது. வெளிநாடு போய்ப் படிக்கவும் ஆராயவும் பணம் தரும் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டமும் 1961இல் சேர்ந்தது. நம்மேல் பிரியப்பட்டுக் கொடுக்கவில்லை. ஆனாலும் நமக்கும் வந்து சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் நாம் தினமும் தேடுகிறோமே, அந்த அகராதித் திட்டத்துக்கு அமெரிக்கக் கல்வித்துறை காசு கொடுத்திருக்கிறது.

மதுரைக்குத் தமிழ் படிக்க வந்த ஓர் அமெரிக்க மாணவியைப் பெரியார் பஸ் நிலையத்தில் பார்த்திருக்கிறேன். பஸ் போர்டுகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தவள், ‘திருப்பரங்குன்றம்’ வந்ததும் றகரத்தில் தடுமாறி நின்றாள். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, “நாக்கை மேலே தூக்கும்மா” என்று சொல்லிக் கொடுத்தார். சரியாக வந்ததும் அந்த அம்மாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. இப்படிப் படித்துப் போனவர்கள்தான் அங்கே நம் மொழிக்கு வகுப்பு எடுக்கிறார்கள்.

விதிக்கு வருகிறேன். பணம் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்லும். யார் விண்ணப்பிக்கலாம், எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை விதிதான் சொல்லும். ரேஷன் கடை வாசலில் இருக்கும் அளவுப் பலகையைக் கழற்றிவிட்டால் அரிசி உள்ளேதான் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது கடைக்காரர் வாயில் இருக்கும்.

மோசமான விதியும் இருந்தது, மறுக்கவில்லை. ஃபுல்பிரைட்-ஹேஸ் முனைவர் பட்ட ஆய்வு நிதியில் மொழித்திறனுக்கு 15 மதிப்பெண் இருந்தது; ஆனால் தாய்மொழிக்கு அதைத் தரவில்லை. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை தமிழை நம்பி விண்ணப்பித்தால் அந்த இடத்தில் பூஜ்யம். எவ்வளவு பெரிய அநியாயம்! இப்படிப் பாதிக்கப்பட்ட வேறு மொழி மாணவர்கள் 2022இல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எப்படிப் போக முடிந்தது? அநியாயம் விதியாக எழுதப்பட்டிருந்தது, அதனால் போனார்கள். அதே அநியாயத்தை ஓர் அதிகாரி மனசுக்குள் வைத்துக்கொண்டு செய்தால் எதைக் காட்டி வழக்குப் போடுவீர்கள்? கெட்ட விதியைத் திருத்தச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். மொத்தமாகத் தூக்கி எறிய விடாதீர்கள்.

எழுதி என்ன ஆகும் என்று கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கே 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி விதியை நீக்குமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கவேண்டும். முக்கியமான ஆட்சேபங்களுக்குப் பதிலும் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் நீதிமன்றம் கேட்கும். குடியுரிமை இல்லாதவரும் எழுதலாம். நண்பர் அனுப்பிய மாதிரிக் கடிதத்தை அப்படியே ஒட்டாதீர்கள், ஒரே கடிதம் ஆயிரம் வந்தாலும் ஒரு பதிலோடு முடித்துவிடுவார்கள். எந்த விதி, அது போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். கெடு முடிவதற்குள் அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு பிரதி போடுங்கள்.