அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்களுக்குக் கிரோன் நோய் இருப்பதை நீங்கள் முன்பு எழுதிய ஒரு குறிப்பிலிருந்து அறிந்தேன். எனக்கு 24 வயது. மாதக்கணக்கில் நீடித்த வயிற்றுவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் எடை இழப்புக்கும் இந்த நோய்தான் காரணம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன், கேமரா பொருத்திய குழாயால் குடலுக்குள் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்தினார்கள். முதலில் ஸ்டீராய்டு, பிறகு நோயெதிர்ப்பைக் குறைக்கும் அசாதியோப்ரின் மாத்திரை. எட்டு மாதங்களாக வயிறு அமைதியாக இருக்கிறது. அதனால் ஐந்து வாரங்களுக்கு முன் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன் (சில நாட்களாக ஆசனவாய்க்கு அருகே சிறு கட்டி போல ஒன்று, லேசான கசிவு, அது வேறு ஏதாவதாக இருக்கலாம்).

வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? நான் செய்த எந்தத் தவறால் இது வந்தது? நான் விரும்பும் ஒருவரிடம் இதை எப்படிச் சொல்வது? பார்ப்பவர்கள் எல்லோரும் "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்கிறார்கள். அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும்போதெல்லாம் காய்ச்சல் என்று பொய் சொல்கிறேன்.

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், கேள்வியாகக் கேட்காமல் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டுப் போன அந்த வரியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இங்கே மீண்டும் எழுதுவது, அதே வரியைத் தங்கள் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கும் மற்றவர்களுக்காக.

கிரோன் நோய் வாய் தொடங்கி ஆசனவாய் வரை செரிமானப் பாதையின் எந்த இடத்திலும் வரலாம். இடையிடையே நல்ல பகுதிகளை விட்டுவிட்டு வரும். வந்த இடத்தில் உட்பூச்சோடு நின்றுவிடாமல் குடற்சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும். அப்படி ஊடுருவிய புண், சுவரைத் துளைத்துக்கொண்டு அருகிலிருக்கும் உறுப்புக்கோ தோலுக்கோ வழி தேடும்போது உண்டாவதுதான் பௌத்திரம். ஆசனவாய்க்கு அருகே ஒரு கட்டி, அதிலிருந்து கசிவு என்றால், கிரோன் நோயாளியைப் பொறுத்தவரை மருத்துவர் முதலில் நினைப்பது அதைத்தான். மூலம் என்று எண்ணிக் களிம்பு பூசிக்கொண்டிருப்பவர்கள் பலர். காய்ச்சலோ, உட்கார முடியாத வலியோ, வீக்கமோ சேர்ந்துகொண்டால் உள்ளே சீழ் தேங்கியிருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்து அந்தப் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பார்கள், சீழை வெளியேற்றுவார்கள், மீண்டும் தேங்காதபடி பாதையில் ஒரு நூலை இட்டு வைப்பார்கள், தேவைப்பட்டால் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்தைத் தொடங்குவார்கள். இவை எதுவும் நடப்பதற்கு முன், பயத்தில் பழைய மாத்திரையை நீங்களாகவே மீண்டும் விழுங்கத் தொடங்கக்கூடாது. உள்ளே சீழ் இருக்கும்போது நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தை மருத்துவருக்குத் தெரியாமல் எடுப்பது வேறு ஆபத்து.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 27 வயதில் நானும் இதே கட்டியை நான்கு மாதங்கள் மறைத்துவைத்திருந்தேன். அதற்குள் ஒரு குடல் அறுவைச் சிகிச்சையைப் பார்த்தவன், நோயைப் பற்றிப் படித்தவன், ஆனாலும் ஒவ்வொரு முறையும் மருத்துவர் "வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டபோது "இல்லை" என்றே சொன்னேன். சொல்லக் கூசும் சொற்களை வேறு சொற்களால் மூடிச் சொல்வதற்கு நம் இலக்கணம் இடக்கரடக்கல் என்று பெயரிட்டு, "கால் கழுவி வந்தேன்" என்பதை அதற்கு உதாரணமாகவும் காட்டுகிறது. சபையில் அது பண்புதான். மருத்துவர் முன் அது நோயாளிக்கு எதிரி. "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்ற சொல்லிலிருந்து எந்த மருத்துவரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நாளுக்கு எத்தனை முறை, இரவில் எழ வேண்டியிருக்கிறதா, இரத்தம் கலந்திருக்கிறதா, அடக்க முடிகிறதா, எங்கே கசிகிறது: அவருக்கு வேண்டியவை இவை. வாயால் சொல்ல முடியாவிட்டால் தாளில் எழுதிக் கொடுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இடையே ஒன்று. அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் இந்த நோய் இருந்தது. 1955இல் மாரடைப்பு வந்து படுத்திருந்தபோது, அவருடைய இதய மருத்துவர் பால் டட்லி வைட் நிருபர்களைக் கூட்டி, அதிபர் நன்றாக மலம் கழித்தார் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜூனில், சிறுகுடலின் கடைப்பகுதியில் ஏற்பட்ட அடைப்புக்காக அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. நவம்பரில் மீண்டும் தேர்தலில் வென்றார். ஒரு நாட்டுக்கே சொல்லப்பட்ட செய்தியை ஒரு மருத்துவரிடம் சொல்ல நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன் என்பது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்று இருக்கவில்லை.

இனி மாத்திரை. என் கதையும் உங்கள் கதைதான், கொஞ்சம் முன்னதாக நடந்தது. முதல் ஆறு மாதங்கள் எனக்குக் காசநோய்க்கான மருந்துகள் கொடுத்தார்கள். குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கும் சோதனைக்கும் அவ்வளவு ஒத்திருப்பவை என்பதால் இதில் யாரையும் குறைசொல்லத் தோன்றவில்லை. 22 வயதில் சரியான பெயர் கிடைத்தது, மருந்து கிடைத்தது, வயிறு அடங்கியது. 24 வயதில் மருந்தை நிறுத்தினேன். பத்து மாதங்கள் எதுவும் நிகழவில்லை. அந்தப் பத்து மாதங்களில், மருந்தே வேண்டாத சிலரில் நானும் ஒருவன் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். பதினோராவது மாதத்தில் ஒரு நள்ளிரவில், வயிறு கல்லாக இறுகி வாந்தி நிற்காமல், குடல் அடைப்போடு என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ ஓர் அடி நீளத்தை வெட்டி எடுத்தார்கள்.

அந்தப் பத்து மாதங்களில் நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. இந்த நோயில் வலியும் அழற்சியும் கைகோத்து நடப்பதில்லை. வலி அடங்கிய பிறகும் உள்ளே அழற்சி புகைந்துகொண்டிருக்கலாம். புண் ஆறும் இடத்தில் தழும்பு விழும், தழும்பின் மேல் புண், அதன் மேல் தழும்பு என்று சுவர் தடித்து, குழாய் மெல்லச் சுருங்கும். அழற்சியை மருந்தால் தணிக்கலாம். தழும்பாகிவிட்ட சுருக்கத்தைக் கரைக்க இன்றுவரை மருந்து இல்லை; பலூனால் விரிக்கலாம், வெட்டி எடுக்கலாம், அல்லது குடலை வெட்டி எடுக்காமல் சுருக்கத்தின் மேல் நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைத்து அகலப்படுத்தலாம். (இந்தக் கடைசி முறையை முதலில், 1977இல், காசநோயால் வந்த குடல் சுருக்கங்களுக்குச் செய்து எழுதியவர்கள் இந்திய அறுவை மருத்துவர்கள், அதைக் கிரோன் நோய்க்கு எடுத்துக்கொண்டது பிறகு ஆக்ஸ்ஃபோர்டில். இரு நோய்களுக்கும் இடையே மாட்டிக்கொண்டவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தனிப் பிரியம்.) வெட்டி எடுத்தால் நோய் போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். தைத்து இணைத்த இடத்திலேயே அது திரும்ப வருவது வழக்கம், அதனால் அறுவைக்குப் பிறகும் கண்காணிப்பும் பெரும்பாலும் மருந்தும் தொடரும். வைட்டமின் பி12 உட்கிரகிக்கப்படுவது சிறுகுடலின் கடைப்பகுதியில்தான் என்பதால் எனக்கு வாழ்நாள் முழுவதும் அந்த ஊசி உண்டு.

ஆகவே, நீங்கள் நன்றாக இருந்த எட்டு மாதங்கள் மாத்திரை தேவையில்லை என்பதற்குச் சான்று அல்ல. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கே சான்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அசாதியோப்ரின் முழுமையாக வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். நிறுத்திவிட்டு நோய் கிளம்பும்போது மீண்டும் எடுத்தால் உடனே கைகொடுக்காது. வாழ்நாள் முழுவதுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: நீண்ட காலம், ஆனால் இதே மாத்திரை இதே அளவில்தான் என்பதில்லை. அசாதியோப்ரின் வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது, கல்லீரலையும் பாதிக்கக்கூடியது, அதனால்தான் இரத்தப் பரிசோதனையை விடாமல் செய்யச் சொல்கிறார்கள். அது ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மருந்துகள் இருக்கின்றன. குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் வாதாடும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அந்த வாதத்துக்கு ஆதாரமாக அழற்சியைக் காட்டும் அளவுகளான மலத்தில் கால்புரோடெக்டின், இரத்தத்தில் சி.ஆர்.பி., தேவையென்றால் மறுபடியும் ஒரு கொலனோஸ்கோப்பி ஆகியவை வேண்டும். வலியில்லை என்பது மட்டும் போதாது.

1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் மூன்று மருத்துவர்கள், கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர், 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த நோய் தனக்கென ஓர் இடம் பெற்றது. அகரவரிசையில் முதலில் நின்றவர் கிரோன் என்பதால் பெயர் அவருக்குப் போயிற்று. அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே, இது முக்கியமாக இளம் வயதினரைத் தாக்கும் நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. எந்த வயதில் உடம்பை மறந்து வாழ முடியுமோ அந்த வயதில் வந்து, மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் உறக்கத்துக்கும் நேரம் குறித்துக்கொள்ளச் சொல்கிற நோய் இது. கூட இருப்பவர்கள் எதையும் யோசிக்காமல் கிளம்பும்போது, நாம் கழிப்பறை எங்கே என்று யோசித்துவிட்டுக் கிளம்புகிறோம். அது கோழைத்தனம் அல்ல, அனுபவம். ஒரு மாற்றுடையும் காகிதமும் பையில் இருக்கும்போது நான் பலமடங்கு துணிச்சலானவன்.

"நன்றாகத்தானே இருக்கிறாய்" என்பவர்களுக்குக் கண்ணில் படாதது பெரும்பாலும் களைப்பு. அதை நீங்களும் சோம்பல் என்று உங்கள் மேலேயே பழிபோட்டுக்கொள்ளாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, அழற்சி என்று ஒவ்வொன்றும் ஆளைச் சாய்க்கும். முதல் இரண்டையும் ஒரு இரத்தப் பரிசோதனை காட்டிவிடும், சரியும் செய்யலாம். மூட்டுவலியும் கண் சிவந்து வலிப்பதும்கூட இந்த நோயின் நீட்சியாக இருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் அந்தத் தாளில் எழுதுங்கள். மூட்டுவலிக்கு நீங்களாகவே ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளை வாங்கி விழுங்க வேண்டாம். அவை நோயைக் கிளப்பிவிடக்கூடும்.

நீங்கள் செய்த தவறு எது என்றால், எதுவும் இல்லை. பிறவியில் வந்த மரபணுக்கள் ஒரு பங்கு (2001இல் அடையாளம் காணப்பட்ட நாட்2 அவற்றில் முதலாவது), குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஒரு பங்கு, அவற்றின்மேல் அடங்காமல் பாயும் நோயெதிர்ப்பு ஒரு பங்கு; இவற்றுக்கு மேல் சூழலும் சேர்கிறது. நீங்கள் உண்ட ஏதோ ஒன்றாலோ, தேர்வுக்காகக் கண்விழித்ததாலோ இது வரவில்லை. மன அழுத்தம் இருக்கும் தொந்தரவைக் கூட்டும், நோயைப் படைப்பதில்லை. நம் கையில் உறுதியாக இருப்பது புகைபிடிக்காமல் இருப்பது. புகை இந்த நோயை நிச்சயமாக மோசமாக்கும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே உணவுப் பட்டியலைத் தருகிறேன் என்பவர்களிடமிருந்து விலகியிருங்கள். குடலில் சுருக்கம் இருந்தால் மட்டும் நார் மிகுந்த கடினமான உணவு அடைத்துக்கொள்ளும், அதை உங்கள் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சொல்வார்கள்.

நீங்கள் விரும்புபவரிடம் சொல்வதைப் பற்றி. உறவு உறுதிப்படும் முன் சொல்லிவிடுங்கள், ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில் சொல்லாதீர்கள். என் மனைவியிடம் சொல்வதற்கு நான் ஒரு நீண்ட உரையைத் தயாரித்துவைத்திருந்தேன், பாதியிலேயே அவள் குறுக்கிட்டு, "அப்படியென்றால் நாம் அந்த ஓரத்து மேசைக்கு மாறிக்கொள்ளலாமா? கழிப்பறை அங்கேதான் இருக்கிறது" என்றாள். எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளைப் பற்றி அவர் கேட்டால், நீங்கள் சொல்லக்கூடியவை சில உண்டு: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது, ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை, நோய் தணிந்திருக்கும் காலத்தில் கருத்தரிப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லது, இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும், ஆனால் கருவுற்ற காலத்திலும் தொடரக்கூடிய மருந்துகள் பல இருக்கின்றன. இதுவும் மருந்தைத் தானாக நிறுத்தாமல் முன்கூட்டியே பேசி முடிவுசெய்ய வேண்டிய காரியம்.

அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. விடுப்பைத் தீர்மானிக்கும் ஒருவரிடம், மருத்துவர் தரும் கடிதத்தோடு, "நீண்டகாலக் குடல் நோய், அவ்வப்போது தலைதூக்கும்" என்று சொன்னால் போதும். இவ்வளவு முறை காய்ச்சல் வரும் ஒருவரைப் பற்றி அவர்கள் இதைவிட மோசமாகவே கற்பனை செய்திருப்பார்கள்.

இதை எழுதி முடிக்கும்போது உங்கள் இரண்டாவது கடிதம் வந்தது. கட்டியை மருத்துவரிடம் காட்டிவிட்டதாகவும், எம்.ஆர்.ஐ.க்கு நாள் குறித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. மாத்திரையை நிறுத்தியதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று, மறுபடியும் அடைப்புக்குறிக்குள், எழுதியிருக்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தபோதே இது வந்தது என்று அவர் நினைத்தால், அசாதியோப்ரின் உங்களிடம் தோற்றுவிட்டது என்று குறித்துவைத்துவிட்டு அடுத்த மருந்துக்குப் போய்விடுவார்.

அன்புடன்.