கோயிலில் எல்லாம் மாறிப்போச்சு ஐயரே, என்ன செய்ய?

சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளில் முப்பத்து நாலு வருடம் ஆயராக, அதாவது சபை மக்கள் 'ஐயர்' என்று கூப்பிடுகிற போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சபையில் மனசுக்கு ஒப்பாத மாற்றம் வரும்போது விசுவாசி என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஐம்பது வருடமாகத் தமிழ் ராகத்துக் கீர்த்தனையும், மேல்நாட்டு மெட்டில் பாமாலையும் பாடின கோயில். இப்போது டிரம்ஸ், கீபோர்டு, பெரிய ஸ்கிரீன். பாட்டுப் புஸ்தகத்தை யாரும் தொடுவதில்லை. ஆராதனையிலேயே அழுகை வருகிறது. இது பாவமா ஐயரே?

பாவமே இல்லை அம்மா. வேதாகமத்தில் எஸ்றா 3-ஐ எடுத்து வாசியுங்கள். புது ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட அன்று, பழைய ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த பெரியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் சந்தோஷத்தில் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்றே பிரித்தறிய முடியவில்லை. அழுதவர்களை யாரும் கடிந்துகொண்டதாக அங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நம் கீர்த்தனைகளுக்குத் தகப்பன் மாதிரி. அவர் காலத்தில் புதிதாக வந்த மிஷனெரிகள் கோயிலில் கீர்த்தனை பாடுவதை ஒதுக்கினார்கள், அவர் அதை எதிர்த்துப் போராடினார், அந்தப் பாட்டு இன்றைக்கும் நம் வாயில் இருக்கிறது. ஆனால் சாதி பார்க்காமல் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்ததையும் அதே வேகத்தில் எதிர்த்தார். அதில் அவர் செய்தது தவறு. அவ்வளவு பெரிய பக்தருக்கே தன் வருத்தத்தில் எது சுவிசேஷம், எது பழக்கம் என்று பிரிக்கத் தெரியவில்லை என்றால், நாமும் நம் வருத்தத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

டிரம்ஸ் வாசிக்கிற பையன்களிடம் போய், "தம்பி, மாசத்துக்கு ஒரு கீர்த்தனை நான் சொல்லித்தருகிறேன்" என்று கேட்டுப்பாருங்கள். பாதிப் பேருக்கு ராகம் தெரியாததால்தான் பாடுவதில்லை. என் கடைசி சேகரத்தில், அதாவது நான் கடைசியாக ஆயராக இருந்த சபை வட்டாரத்தில், ஒரு பாட்டி, அட்டை கிழிந்து நூல் போட்டுத் தைத்த தன் அம்மாவின் பாட்டுப் புஸ்தகத்தோடு சனிக்கிழமை பாடகர் குழு பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளைகளே, "பாட்டி வந்தாத்தான் ஆரம்பிப்போம்" என்றார்கள்.

கேள்வி: எங்கள் ஐயரைத் திடீரென்று மாற்றிவிட்டார்கள். புது ஐயரோடு ஒட்டவே முடியவில்லை. பிஷப்புக்கு மனு கொடுக்கலாமா?

முறையாக ஒரு மனு கொடுப்பதில் தப்பில்லை. மாற்ற முடியாது என்று பதில் வந்த பிறகும் கையெழுத்து வாங்கிக்கொண்டே அலைவதுதான் சபையை உடைக்கும். அப்போஸ்தலன் பவுல் விடைபெற்றபோது எபேசு சபையின் மூப்பர்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அப்புறம் கப்பல்வரைக்கும் கூடவே போய் வழியனுப்பி வைத்தார்கள். நீங்களும் அனுப்பிவையுங்கள். பழைய ஐயருக்குப் போன் போட்டுப் புதியவரைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள், அது அவருக்கும் பாரம்.

ஒரு ஊருக்கு நான் மாறிப்போனபோது ராத்திரி எட்டு மணிக்கு லாரி வந்து நின்றது, முன்பிருந்தவர்மேல் இருந்த பாசத்தில் ஒருவர்கூட எட்டிப்பார்க்கவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை மட்டும் தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்தார். கைக்குழந்தையோடு நின்ற என் மனைவி அந்த இட்லியை இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு, அப்பமும் ரசமும் வாங்குகிற நற்கருணையில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம் என்பது போய், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். இது சரியா?

எனக்கும் ஒரே பாத்திரம்தான் பிடிக்கும். ஆனால் நோயாளிக்காகவும் வயதானவருக்காகவும் செய்கிற மாற்றம் அன்பினால் வருகிறது. 1947 செப்டம்பர் 27-ல் நம் திருச்சபை உருவானபோது, பிஷப்பே வேண்டாம் என்றிருந்தவர்கள்கூட ஐக்கியத்துக்காகப் பிஷப்பை ஏற்றுக்கொண்டார்கள். கிண்ணத்துக்காக நற்கருணைப் பந்தியை விடாதீர்கள்.

கேள்வி: பெண் ஆயரைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கோயிலுக்கு வரமாட்டோம் என்கிறார்கள்.

நம் திருச்சபை 1976-லேயே ஒரு பெண்ணை ஆயராக அபிஷேகம் செய்துவிட்டது, 2013-ல் ஆந்திராவின் நந்தியால் பேராயத்துக்குப் பெண் பேராயரே, அதாவது பிஷப்பே, வந்துவிட்டார். உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் சுமந்தது மகதலேனா மரியாள். பெரியவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால் அந்த அம்மாவை ஜெபிக்க அழையுங்கள்.

கேள்வி: பழைய கோயிலை இடித்துப் புதிது கட்டுகிறார்கள். கணக்குக் கேட்டால், "விசுவாசமில்லாமல் முறுமுறுக்கிறாய்" என்று வாயை அடைக்கிறார்கள்.

இதில் பொறுத்துப்போகச் சொல்லமாட்டேன். அப்போஸ்தலர் 6-ல் விதவைகளின் பந்தியில் குறை என்று முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர்கள் அதைக் காதில் வாங்கி ஏழு பேரை நியமித்தார்கள். காணிக்கைப் பணத்தைத் தனியாகச் சுமக்காமல் கூட ஆள் வைத்துக்கொண்டவர் பவுல், 2 கொரிந்தியர் 8-ல் இருக்கிறது. சேகரக் கமிட்டிக்கு எழுத்தில் கேளுங்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கேளுங்கள். டீக்கடையில் பேசாதீர்கள்.

கேள்வி: சண்டை சச்சரவு பார்த்து அலுத்துப்போய் ஒரு வருடமாகக் கோயிலுக்கே போகவில்லை. திரும்பப் போக வெட்கமாக இருக்கிறது.

பவுலும் அவரோடு ஊழியம் செய்த பர்னபாவும், மாற்குவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று சண்டைபோட்டுப் பிரிந்தவர்கள். கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். இத்தனை நாள் எங்கே போனாய் என்று யாராவது கேட்டால், வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள் தம்பி. ரெண்டாம் மணி அடிக்கும்போது உள்ளே போனால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கடைசி பெஞ்சு போதும்.