அம்பாசடரின் அசல் நிறம்: சுரண்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் அப்பாரு 1967-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 கார் பொள்ளாச்சி அருகே தோட்டத்துச் சாளையில் நிற்கிறது. இருமுறை நிறம் மாற்றிப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. முழுவதையும் சுரண்டி மெட்டாலிக் அடித்து, போல்ட்டுகளுக்கும் குரோம் பூசலாம் என்கிறார் பெயிண்டர். உத்தரபாரா தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்தபடியே எனக்கு வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயிண்டரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். அசல் நிறத்துக்கான சாட்சியம் வண்டியிலேயே இருக்கிறது. பெயிண்ட் ரிமூவர் தடவிவிட்டால் அது போய்விடும். பழைய ஆர்.சி. புத்தகத்தில் நிறம் எழுதப்பட்டிருக்கலாம், ஆனால் 'சாம்பல்' என்ற ஒரு சொல்லை வைத்து ஷேடு பிடிக்க முடியாது. ஆகவே டோர் பேடைக் கழற்றி அதன் பின்புறத் தகட்டையும், டிக்கி ரப்பர் பீடிங்கை உரித்து அதன் அடியையும், பின் சீட்டின் முதுகுப்புறத்தையும், டேஷ்போர்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். மறுமுறை பெயிண்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடங்களுக்கு ஸ்பிரே கன் கொண்டுபோவதில்லை.

அங்கும் ஐயம் இருந்தால், மறைவான ஓரிடத்தில் 800-ஆம் எண் வாட்டர் பேப்பரை (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து, நாணய அளவுக்கு மெல்லத் தேய்த்து, ஓரங்களை 1500-ஆம் எண்ணால் சரிவாக்குங்கள். ஒவ்வொரு பூச்சும் மரத்தின் ஆண்டு வளையம்போல வரிசையாகத் தெரியும். தகட்டை ஒட்டிய பிரைமருக்கு நேர்மேலே உள்ள வளையமே அசல். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். வெயில் படாத ஒரு பகுதியைக் காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டுத் துடைத்தபின், நிறத்தை அளக்கும் ஷேடு ஸ்கேனரில் காட்டுங்கள், இல்லையேல் மங்கிய நிறத்தைத்தான் இயந்திரம் உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, பெயிண்டின் வகை. தின்னர் நனைத்த பஞ்சால் அந்த அசல் பூச்சைத் தேயுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் ஏறினால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், இறுக்கமாக நின்றால் சூட்டில் உலர்த்திய எனாமல். எதுவானாலும் அக்காலத்தில் மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு கிடையாது, ஆகையால் அதை மேலே அடிக்கும் இன்றைய மெட்டாலிக் பேச்சுக்கே இடமில்லை. கிளியர் இல்லாத ஒற்றை நிற டூ-கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) நீடித்து உழைக்கும். தோற்றத்திலும் அசலுக்கு அருகில் வரும் என்பது என் கருத்து. அதன் ஹார்டனரில் நுரையீரலுக்குக் கேடான ஐசோசயனேட் இருப்பதால் துணி முகக்கவசம் போதாது என்பதைப் பெயிண்டரிடம் வலியுறுத்துங்கள். என்.சி.யே வேண்டுமென்றால் பருவம் முக்கியம்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படிந்து, பூச்சு பால்போல வெளுத்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரலும் ஆடிக் காற்றும் வரும் மாதங்களைத் தவிர்த்து, தை முதல் பங்குனிக்குள் முடிப்பது நல்லது.

குரோம் போல்ட் யோசனையை அடியோடு மறுத்துவிடுங்கள். வாஷருக்கு அடியில் எந்தப் பூச்சு மிச்சமிருக்கிறதோ அதையே மற்றவற்றுக்கும் செய்ய வேண்டும். மேலும், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் போன்றவற்றின் உறுதிமிக்க போல்ட்டுகளைப் பிளேட்டிங் தொட்டியில் போட்டு எடுத்தபின் சூடேற்றாமல் விட்டால், எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜனால் பாரம் தாங்காமல் திடீரென முறியக்கூடும். கோவைப் பிளேட்டிங் பட்டறைக்குக் கொடுக்கும்போது இதைக் கேட்டுத் தெளிந்தே கொடுங்கள். அடிப்பாகத்தைக் கண்ணாடிபோல மினுக்குவதும் தேவையற்ற செலவு. தொழிற்சாலை அதைச் செய்ததில்லை.

2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இஞ்சின் ஆகியவை மாற்றப்படாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் அதற்குப்பின் அதை அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. பொள்ளாச்சிச் சந்தைக்கு அதில் போய்வர எண்ணினால் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டு, ஆர்.சி.யில் இப்போதுள்ள நிறம் வேறாக இருந்தால் அசல் நிறத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.