போட்டிக்கு வந்த கதை திருட்டு என்று தெரிந்தால் என்ன செய்வது?

கேள்வி: மும்பையில் நாங்கள் நடத்தும் சிறுகதைப் போட்டிக்கு மின்னஞ்சலில் வந்த ஒரு கதையை வேறெங்கோ படித்த மாதிரி இருக்கிறது. எப்படி உறுதி செய்வது?

பதில்: முதல் பத்தியைத் தேடாதீர்கள், சுடுகிறவர் அதைத்தான் மாற்றுவார். நடுவிலிருந்து கொஞ்சம் வித்தியாசமான ஐந்தாறு சொற்களை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். தமிழில் ஒற்று மாறினாலோ சொற்களைப் பிரித்து எழுதினாலோ சிக்காது. இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். பழைய பத்திரிகைக் கதை என்றால் இணையத்தில் படமாக மட்டுமே இருக்கலாம். அதற்கு நிறையப் படித்த பெரியவர் ஒருவரைக் கேட்பதே மேல்.

கதைக்குள்ளேயே தடயம் கிடைக்கும். தாராவியில் குடியிருக்கும் சுரேஷ் திடீரென வைகைக் கரையில் நடப்பான். ஓரிடத்தில் மட்டும் முருகேசன் ஆகிவிடுவான்!

கரு ஒன்றாக இருந்தால் மட்டும் திருட்டாகாது. பதிப்புரிமை எழுத்து வடிவத்துக்குத்தான், கருவுக்கு அல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு செய்யாத கதைக்கும் பாதுகாப்பு உண்டு. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் பதிப்புரிமை முடியும். அதற்காக அந்தக் கதையைத் தன் பெயரில் அனுப்பினால் அது யோக்கியமா?

உறுதியானால் இரண்டு கதைகளையும் அருகருகே வைத்து, அனுப்பியவரிடம் தனியாக விளக்கம் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டு மானத்தை வாங்க வேண்டாம். பதில் சரியில்லையா, கதையை நீக்கிவிட்டு மூல எழுத்தாளருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது அவர் பாடு.