கணக்கு சரியாக இருந்தும் கதை ஏன் நகரவில்லை?

கேள்வி: நான் ஓர் ஆலையில் கருவிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். அறிவியல் புனைகதை எழுத்தாளராக வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. நிலவில் அமைந்த ஒரு குடியிருப்பைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறேன். படித்த நண்பர்கள், "கணக்கெல்லாம் சரி, ஆனால் இயந்திரக் கையேடு மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். என் பொறியியல் மூளைதான் குறுக்கே நிற்கிறதா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதினால்தான் இது கைவருமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

நண்பர்களின் குறையை நீங்கள் நேர்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் குறைக்குப் பொறியியலைக் காரணமாக்குவது சரியல்ல. சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றவர். அந்த வேலையில் இருந்தபடியேதான் வார இதழ்களுக்குத் தொடர்கதைகளும் எழுதினார். ரஷ்ய எழுத்தாளரான யெவ்கெனி சாமியாத்தின் கப்பல் கட்டும் பொறியாளர். முதல் உலகப்போரின்போது ரஷ்யாவுக்கான பனியுடைப்புக் கப்பல்கள் இங்கிலாந்தில் கட்டப்படுவதை மேற்பார்வையிட்டவர். 2015-இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்ற சீன எழுத்தாளர் லியூ சிஷின் ஒரு மின்நிலையத்தில் கணினிப் பொறியாளராக இருந்தவர். பொறியியல் இவர்கள் யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை.

இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் நூலகத்தில் படித்துக்கொள்ளலாம். அது எப்படிக் கெடுகிறது, கெடும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் பிரிவில் வழக்கமாக நடக்கக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்சார் காரணமில்லாமல் ட்ரிப் கொடுத்து இயந்திரத்தை நிறுத்திக்கொண்டே இருக்கிறது. உற்பத்தி நிற்கக் கூடாது என்று மேலிருந்து அழுத்தம் வருகிறது. இரவு ஷிப்டில் இருப்பவர் ஜம்பர் (இணைப்புக் கம்பி) போட்டு, ஆபத்து வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடான இன்டர்லாக்கை பைபாஸ் செய்துவிட்டு, காலையில் சரிசெய்துகொள்ளலாம் என்று லாக்புக்கில் எழுதாமல் போய்விடுகிறார். அடுத்த ஷிப்டுக்கு வருபவர், பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் வேலையைத் தொடங்குகிறார். இதை அப்படியே உங்கள் நிலவுக் குடியிருப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்த சென்சார் காற்றில் சேரும் கார்பன் டையாக்சைடை அளப்பது என்று வையுங்கள். அந்த வாயு மிகுந்தால் முதலில் தலைவலியும் சோர்வும் வரும், பிறகு சிந்தனையே மந்தமாகும். ஆகவே தவற்றைக் கண்டுபிடிக்க வேண்டியவரின் அறிவையே அந்தத் தவறு மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கும். காற்றைச் சுத்திகரிக்கும் கருவியை இரண்டு பக்கம் விளக்குவதைவிட, லாக்புக்கில் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டவர் மறுநாள் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை எழுதுவது கடினம். அதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

உங்கள் பக்கங்கள் கையேடாகத் தோன்றுவதற்குக் காரணம், தகவல் அங்கே வாசகருக்காக மட்டும் இருப்பதுதான் என்று ஊகிக்கிறேன். கதைக்குள் இருக்கும் எவருக்கும் அந்த நேரத்தில் அது தேவைப்படுவதில்லை. நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, ரேடியோ அலை அங்கிருந்து பூமிக்கு வர ஏறத்தாழ 1.3 விநாடி ஆகும் என்று எழுதினால் அது பாடம். அதே உண்மையை, "நீ திரும்பி வருவாய்தானே?" என்று பூமியிலிருந்து மனைவி கேட்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பதில் அவளை எட்டுவதற்கு எப்படியும் இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். அந்த மௌனம் தூரத்தால் வந்ததா, அவன் தயங்கியதால் வந்ததா என்று அவளால் பிரித்தறிய முடியாது. கதை செவ்வாயில் நடந்தால் இந்தக் காட்சியையே எழுத முடியாது. கோள்களின் நிலையைப் பொறுத்து அங்கே ரேடியோ அலையின் ஒருவழிப் பயணத்துக்கே சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும் என்பதால் அது உரையாடலாக இல்லாமல் கடிதப் போக்குவரத்தாகிவிடும். எந்த எண் எந்த உறவை எப்படி மாற்றுகிறது என்று கேட்கத் தொடங்கினீர்களானால், எதைச் சொல்வது, எதை விடுவது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும்.

துல்லியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மென்பொருள் பொறியாளரான ஆண்டி வெயர், செவ்வாயில் தனித்து விடப்பட்ட ஒரு விண்வெளி வீரரைப் பற்றிய "தி மார்ஷியன்" நாவலை முதலில் தம் சொந்தத் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு, வாசகர்கள் காட்டிய பிழைகளைத் திருத்திக்கொண்டார். அப்படிப்பட்டவரே, செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அங்கே வீசும் புயலால் ஒரு விண்கலத்தைச் சாய்க்க முடியாது என்று தெரிந்திருந்தும், கதை தொடங்க வேண்டும் என்பதற்காக அந்தப் புயலை வைத்துக்கொண்டார். தெரிந்து செய்யும் ஒரு மீறலை வாசகர் பொறுத்துக்கொள்வார். தெரியாமல் செய்யும் பத்துப் பிழைகளைப் பொறுக்க மாட்டார்.

வேலையை இப்போது விட வேண்டாம். வருமானம் ஒரு காரணம். அதைவிட முக்கியமாக, உங்களுக்கு வேண்டிய மனிதர்களும் நெருக்கடிகளும் அங்கேதான் இருக்கிறார்கள். பணியிட ரகசியங்களையும் உடன் பணிபுரிவோரின் அடையாளங்களையும் மட்டும் கதைக்குள் கொண்டுவராதீர்கள். இலக்கியப் பட்டமும் தேவையில்லை. ஆனால் அறிவியல் புனைகதை அல்லாதவற்றையும், குறிப்பாக நல்ல சிறுகதைகளை, நிறையப் படியுங்கள்.

அந்த முந்நூறு பக்கத்தை ஒரு வருடம் எடுத்து வைத்துவிடுங்கள். அதிலிருந்து ஓர் அறை, ஒரு கருவி, இரண்டு பேர் என்று மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாயிரம் சொல்லுக்குள் ஒரு சிறுகதை எழுதுங்கள். முடித்ததும் அதைப் பொறியாளர் ஒருவரிடமும், பொறியியலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவரிடம் பிழை எங்கே என்று கேளுங்கள். இரண்டாமவரிடம் கருத்துக் கேட்க வேண்டாம். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினார் என்று மட்டும் கேட்டு, அந்தப் பத்தியிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.