மேப்பில் போடலாமா? – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். போன மழைக்காலத்தில் நண்பர்களோடு கல்வராயன் மலைக்குப் போயிருந்தோம். பெரியார் அருவியும் மேகம் அருவியும் எல்லாருக்கும் தெரிந்தவைதான். வெள்ளிமலைப் பக்கம் டீக்கடையில் ஒரு பெரியவர் இன்னொன்று இருக்கிறது என்று வழி சொன்னார். மரவள்ளிக் கொல்லைகளைத் தாண்டி முக்கால் மணி நேரம் நடை. பெரிய அருவி இல்லை, ஆனால் எங்களைத் தவிர அங்கே ஆளே இல்லை. அந்த ஓடை கோமுகி அணைக்குத்தான் போகிறதாம். வீடியோவோடு இடத்தை மேப்பில் போடலாம் என்கிறேன் நான். கூடாது என்கிறான் ஒரு நண்பன். நம் கடலூர் மாவட்டத்தில் அருவியே கிடையாது. நாலு பேர் போய்ப் பார்க்கட்டுமே, தப்பா?

க., விருத்தாசலம்

அன்புள்ள க.,

இடத்தைப் போடாதீர்கள். உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி.

நீங்கள் நடந்து போனது யாரோ ஒருவருடைய கொல்லை வழியாக. அந்தப் பெரியவர் உங்கள் முகத்தைப் பார்த்து, நாலு வார்த்தை பேசி, அப்புறம்தான் வழி சொல்லியிருக்கிறார். மேப் யார் முகத்தையும் பார்க்காது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் என்கிற பரம்பரை நிலக்கிழார்கள் கையில் இருந்தது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைக் கேட்டு வெளியாட்கள் எதையும் செய்ததில்லை. கீழே இருக்கிற நமக்கோ அந்த மலை என்றால் சாராயச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. கூட்டம் வந்தால் கடை போடலாம், நாலு காசு பார்க்கலாம் என்று அந்த ஊர்க்காரர்களே நினைக்கலாம். குடிக்க எடுக்கிற ஓடையில் ஷாம்பு நுரை வேண்டாம் என்றும் நினைக்கலாம். முடிவு அவர்களுடையது. அடுத்த முறை போகும்போது அவர்களிடமே கேளுங்கள்.

இன்னொன்று, உயிர் விஷயம். ஆள் நடமாட்டம் இல்லாத அருவியில் கம்பித் தடுப்பு இருக்காது, எச்சரிக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும். தெளிவாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், இரைச்சல் கூடினால், துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பாசிப் பாறையும் ஆழம் தெரியாத மடுவும் நீச்சல் தெரிந்தவர்களையே கொண்டுபோயிருக்கின்றன. வீடியோவைப் பார்த்துப் புறப்பட்டு வருகிற கல்லூரிப் பையனுக்கு இதை யார் சொல்வார்கள்?

சரி, நம் மாவட்டத்தில் அருவி இல்லை என்கிறீர்கள். உண்மைதான், நம்முடையது சமவெளி. ஆனால் அங்கே நீங்கள் தலையைக் கொடுத்து நின்றீர்களே, அது உங்கள் ஊர்த் தண்ணீர்! மலையின் கிழக்குச் சரிவு ஓடைகள் கோமுகி அணைக்கும் மணிமுக்தா அணைக்கும் வருகின்றன. பாசனத்துக்குப் போக மிஞ்சுவதும் வெள்ளமும் ஆற்றோடு இறங்குகின்றன. கோமுகி மணிமுத்தாற்றில் சேர்ந்து, விருத்தகிரீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடி, ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. அங்கிருந்து சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு, புவனகிரி, கடைசியில் பரங்கிப்பேட்டையில் கடல்.

சுந்தரர் முதுகுன்றத்தில், அதாவது உங்கள் விருத்தாசலத்தில், இறைவன் தந்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று கதை. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று நாம் இன்றும் சொல்கிறோம். மலையில் போடுகிற ஷாம்பு கவருக்கு அந்த அற்புதமெல்லாம் தேவையில்லை. வெள்ளம் வந்தால் தானாகவே கீழே வரும். கொஞ்சம் அணையில் தங்கும், மீதி கரையோரச் சீமைக்கருவேலில் மாட்டிக்கொண்டு தொங்கும். மாசி மகத்தன்று நம் சனம் முழுக்குப் போட்டுத் தர்ப்பணம் கொடுக்கிற ஆறு அது. அதன் தலைமாட்டில் நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த இடம் அப்படியே இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

மலைமேல் விழுவதைத்தான் நீங்கள் கணக்கில் எடுக்கிறீர்கள். நம் ஊரில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிற இடமும், அணைக்கட்டைத் தாண்டித் தண்ணீர் வழிகிற இடமும் எனக்கு அருவிதான். ஐப்பசி கார்த்திகையில் ஏரி கோடி போனால் ஊரே போய் நிற்கும். வலையோடு சிலர், தோளில் பிள்ளையோடு சிலர், கரை தாங்குமா என்று பார்க்க வந்த விவசாயிகள். அந்தச் சந்தோஷத்துக்குள் பயிர் பிழைக்கும் என்கிற நிம்மதியும் சேர்ந்திருக்கிறது. சுற்றுலாத் தலத்தில் அது கிடைக்காது.

அதனால் வீடியோவை அழிக்க வேண்டாம். அதில் இடத்தை மட்டும் சொல்லாமல், அதே தண்ணீரின் பின்னால் கீழே வாருங்கள். கோமுகி அணை, உங்கள் ஊர்ப் படித்துறை, கூடலையாற்றூர், சேத்தியாத்தோப்பு, பரங்கிப்பேட்டை முகத்துவாரம். இந்த ஊர்ப் பெயர்களை எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை. கூடலையாற்றூருக்கு மட்டும் ஆற்றில் தண்ணீர் வரும்போது போங்கள். மற்ற மாதங்களில் அங்கே மணல்தான் இருக்கும். எடுத்து முடித்ததும் லிங்க் அனுப்புங்கள், இந்தத் தளத்திலேயே போடுகிறேன்.